திண்டுக்கல்லில் ஒரு ஜப்பான் வாள் - கூர் இல்லாத ஆயுதத்தின் கதை

திண்டுக்கல் என்றதும் ஞாபகம் வருவது பூட்டு, பிரியாணி, அப்புறம் ரயிலில் போகும்போதே தெரியும் அந்த மலைக்கோட்டை. வாள் இந்த வரிசையில் வராது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் வரவேண்டிய ஊர்தான் இது. 1755-ல் மைசூர் அரசு ஹைதர் அலியை இந்த ஊருக்கு பௌஜ்தாராக அனுப்பியபோது, அவர் பிரெஞ்சுக்காரர்களைத் தருவித்துப் பீரங்கிப் படையும் ஆயுதசாலையும் அமைத்தது திண்டுக்கல்லில்தான். பிற்பாடு தென்னிந்தியாவையே உலுக்கிய ஒரு படைக்கு அரிச்சுவடி இங்கேதான் எழுதப்பட்டது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இதே ஊரில் சிலம்பமோ கராத்தேயோ பழகுகிற ஒரு கல்லூரி மாணவன் வாள் பயிற்சிக்கு ஒரு வாள் வாங்க நினைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூர் வேண்டாம், ஆனால் எடையும் நீளமும் உண்மையான வாள் மாதிரியே இருக்க வேண்டும். இணையத்தில் தேடினால் வந்து குவிவது எல்லாம் ஜப்பானிய கட்டானா. நீளம் எவ்வளவு, பிடியில் என்ன துணி, உறை என்ன நிறம் என்று பட்டியல் போட்டுக் கேட்கிறார்கள். மலைக்கோட்டையைக் காவல் காத்தவன் இடுப்பில் இருந்த வாளின் நகல் கேட்டால்? நாடகக் கம்பெனி அட்டை வாள்தான் கிடைக்கும்.

ஏழாயிரம் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் தள்ளி இருக்கும் ஒரு நாட்டின் வாள் கைக்கு எட்டுகிறது, சொந்த ஊர் வாள் எட்டவில்லை. ஏன் இப்படி? "நமக்குப் பெருமை தெரியவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் விஷயம் அவ்வளவு எளிதில்லை. இரண்டு நாட்டிலும் வாளைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய பிறகு என்ன நடந்தது என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் அந்த ஜப்பான் பயிற்சி வாள் என்னதென்று பார்த்துவிடுவோம். உறையிலிருந்து வாளை உருவுவது, வீசுவது, மறுபடி உறையில் போடுவது, இதை மட்டுமே பழகும் கலைக்கு இயாய்டோ என்று பெயர். அதற்கான வாள் இயாய்தோ. வெளியே பார்த்தால் அசல் கட்டானா. உள்ளே இரும்பே கிடையாது! துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகத்தில் வார்த்து, மேலே பளபளவென்று முலாம் பூசியிருப்பார்கள். இந்த உலோகத்தைச் சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. எதன் மீதாவது ஓங்கி அடித்தால் வளைந்துவிடும், உடைந்தும் போகும். காற்றில் வீசத்தான் அது. அசல் வாள் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும் என்றால் இது பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்.

சட்டை வாங்குவது போல ஆளுக்கு ஆள் அளவு உண்டு. ஷாகு என்பது 30.3 செ.மீ., அதில் பத்தில் ஒரு பங்கு சுன். சுமார் 170 செ.மீ. உயரம் உள்ளவருக்கு 2 ஷாகு 4 சுன், அதாவது 72.7 செ.மீ. நீள அலகு சரியாக இருக்கும் என்பார்கள். நீளம் கூடினால் உறையிலிருந்து முனை வெளியே வராது; குறைந்தால் கை தவறான பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்குள் அலகின் வால் பகுதி நன்றாக உள்ளே போய், குறுக்கே ஒரு மூங்கில் ஆணியால் பூட்டப்பட்டிருக்கும். மெகுகி என்று பெயர். விரல் நீளம் கூட இல்லாத அந்த மூங்கில் துண்டுதான் அலகு பறந்துபோய் எதிரில் நிற்பவன் மேல் விழாமல் காப்பாற்றுகிறது. பயிற்சிக்கு முன் ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

சரி, ஒரு நாடு இரும்பே இல்லாத வாளை ஏன் செய்ய வேண்டும்?

1588-ல் டொயோடோமி ஹிதேயோஷி என்ற ஆட்சியாளர் ஓர் ஆணை போட்டார். குடியானவர்கள் யாரும் வாள், ஈட்டி, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். கியோட்டோவில் பெரிய புத்தர் சிலை எழுப்புகிறோம், அதற்கு ஆணியும் கொக்கியும் அடிக்க இந்த இரும்பு வேண்டும், கொடுப்பவர்களுக்கு மறுமையில் புண்ணியம்! புரட்சி வராமல் தடுக்க இதைவிட நாசூக்கான வழி யாருக்கும் தோன்றியிருக்காது. அதன் பிறகு வாள் சாமுராய் சாதிக்கு மட்டும் என்றானது.

சாமுராய்களுக்கும் ஒரு பிரச்சினை. போர் ஓய்ந்த காலத்தில் பழகுவது எப்படி? மரவாளால் பழகினால் எலும்பு முறிகிறது. 18-ம் நூற்றாண்டில் மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ஷினாய் வாளும், தலைக்கும் கைக்கும் நெஞ்சுக்குமான கவசமும் பரவலாயின. இன்றைய கெண்டோ அதிலிருந்து வந்ததுதான்.

1876 மார்ச்சில் அடுத்த இடி. மெய்ஜி அரசு, ராணுவத்தார், காவலர் போன்ற சிலர் தவிர யாரும் பொது இடத்தில் வாள் அணியக் கூடாது என்று சட்டம் போட்டது. அதாவது சாமுராய்க்கே தடை. வாள் கொல்லர்கள் பலர் சமையலறைக் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் மாறினார்கள். ஜப்பானிய சமையல் கத்திகளுக்கு இன்று பேர்போன சாகாய், செக்கி ஊர்களின் கதையில் இதற்கும் பங்கு உண்டு. வாள் ஆசிரியர்கள் பாடு இன்னும் மோசம். சாகாகிபாரா கெங்கிச்சி என்ற ஆசிரியர் அதற்கு முன்பே, 1873-ல், டிக்கெட் போட்டு வாள் சண்டைக் காட்சி நடத்த ஆரம்பித்திருந்தார். மானம் போச்சு என்று திட்டியவர்கள் உண்டு. ஆனால் கலையைப் பசியிலிருந்து காப்பாற்றியது அந்த டிக்கெட் காசு. காமர்ஸ் படிக்கிறவர்கள் இவருக்கு ஒரு மாலை போடலாம் :-)

கடைசி அடி 1945-ல். போரில் தோற்ற ஜப்பானில் அமெரிக்கப் படை வாள்களைப் பறித்தது. எல்லாம் ஆயுதம், எல்லாவற்றையும் ஒப்படை. டோக்கியோவின் அகாபானே பகுதியில் இருந்த கிடங்கில் மலை மாதிரி குவித்தார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டில் இருந்த வாள்கள் உடைக்கப்பட்டன, கடலில் கொட்டப்பட்டன, சிப்பாய்களின் பெட்டியில் ஏறி அமெரிக்கா போயின. இங்கேதான் கதை திரும்புகிறது. ஹொம்மா ஜுன்ஜி என்ற அறிஞரும் அவரைச் சேர்ந்தவர்களும், கேட்வெல் என்ற அமெரிக்க கர்னலிடம் போய் வாள்களைக் காட்டி, இவையெல்லாம் வெறும் ஆயுதம் இல்லை, கலைப்பொருள் என்று வாதாடினார்கள். அவர் காது கொடுத்துக் கேட்டார். கலைமதிப்புள்ள வாள்களைப் பதிவு செய்து வைத்துக்கொள்ள வழி பிறந்தது. 1948-ல் அதற்கென்றே ஒரு பாதுகாப்புச் சங்கம் வந்தது. அகாபானே குவியலில் உரிமையாளர் தெரியாமல் தங்கிப்போன ஆயிரக்கணக்கான வாள்கள் கூட வீணாகவில்லை. 1999-ல் பெரும்பகுதி உள்ளூர் அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

1958-ல் வந்த துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது. கலைப்பொருளாகப் பதிவான வாளை வைத்திருக்கலாம், பதிவு இல்லாததை வைத்திருக்க முடியாது. தினமும் பழகுகிற மாணவனுக்கு அசல் வாள் கட்டுப்படியாகாது, சட்டமும் சிக்கல். அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் இரும்பில்லாத இயாய்தோ. அது வாளின் நகல் மட்டுமில்லை, சட்டத்தின் அளவுக்குத் தைத்த சட்டை. காமர்ஸ் பாஷையில் சொன்னால் பதிலிப் பொருள். காபி விலை ஏறினால் டீ என்று பாடப்புத்தகத்தில் படிப்போமே, அதேதான். இங்கே ஏறியது விலை மட்டும் இல்லை.

இனி நம் பக்கம்.

சிவகங்கையின் முத்துவடுகநாதர் 1772-ல் காளையார்கோவிலில் கொல்லப்பட்ட பின் வேலுநாச்சியார் அடைக்கலம் புகுந்தது திண்டுக்கல் சீமையின் விருப்பாட்சியில். ஹைதர் அலியின் உதவியைப் பெற்றதும் இங்கிருந்துதான். அதே விருப்பாட்சியின் கோபால் நாயக்கர் பிற்பாடு பாளையக்காரர்களைத் திரட்டிக் கும்பினிக்கு எதிராக நின்று, 1801-ல் தூக்கில் போடப்பட்டார். நடுவில் 1790-ல் ஆங்கிலேயப் படை மலைக்கோட்டையைப் பிடித்தது; 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை முழுதும் கும்பினி கைக்கு வந்தது.

1801-ல் மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் வீழ்ந்தார்கள். டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார் (பிளாசி கிளைவின் மகன் இவர்). பாளையக்காரர்களின் படைச்சேவை ரத்து. கும்பினி அனுமதித்தவை தவிர எல்லாத் தாக்கும் ஆயுதங்களுக்கும் அவற்றைப் பழகுவதற்கும் தடை. கோட்டைகள் இடிக்கப்பட்டன. "வெள்ளைக்காரன் சிலம்பத்துக்குத் தடை போட்டான்" என்று மேடைகளில் சொல்வார்கள். பிரகடனம் கம்பு என்று தனியாகப் பெயர் சொல்லவில்லை, மொத்தமாக ஆயுதம் என்றது. அது இன்னும் அகலமான வலை.

இந்த இடத்தில் ஒரு மனிதரைச் சொல்லாமல் போகக் கூடாது. கும்பினிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் வெளியிட்ட தன் நினைவுக்குறிப்பில், இளம் அதிகாரியாக மதுரையில் இருந்தபோது ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். 1801-ல் அந்த ஆசானை வேட்டையாடிய படையில் அதே மாணவனும் இருந்தார். அவர் எழுதியதால்தான் வளரி எப்படிப்பட்டது, எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நேரில் பார்த்த சாட்சி ஒன்று நமக்கு இருக்கிறது. ஆயுதத்தைப் பறித்த கூட்டத்தில் ஒருவர் அதன் நினைவைப் பாதுகாத்திருக்கிறார்!

ஆனால் நம் பக்கத்தில் ஹொம்மா ஜுன்ஜி யாரும் வரவில்லை. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையில் நாயக்கர், மராட்டியர் கால வாள்களும் கட்டாரிகளும் அடுக்கடுக்காகக் கிடந்தன. அரச வாரிசு இல்லை என்று சொல்லிக் கும்பினி அந்த அரசை எடுத்துக்கொண்ட பிறகு, 1860-களில் அவற்றில் நல்லவை என்று பொறுக்கியவை சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. மீதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். எடைக்கு எடை! 1878-ல் வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரியே இதைப் பற்றி வருத்தத்தோடு எழுதினார். அதே 1878-ல்தான் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டமும் வந்தது.

அகாபானேவையும் தஞ்சாவூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே எஞ்சியதைப் பதிவு செய்தார்கள். நீளம், வளைவு, எடை, செய்தவன் பெயர் எல்லாம் ஏட்டில் ஏறின. இன்று ஓர் இயாய்தோ கம்பெனி ஏதோ ஒரு பழைய வாளின் கைக்காப்பை அச்சு அசலாக வார்க்க முடிகிறது என்றால் அந்த ஏடுதான் காரணம். நகல் செய்ய முதலில் அசல் வேண்டும், இல்லாவிட்டால் அசலின் அளவாவது வேண்டும். நம்மிடம் அசல் இரும்புக் கடைக்குப் போனது.

பின்னே நம் ஆட்கள் எதை வைத்துப் பழகினார்கள்? கம்பை வைத்துத்தான். மூங்கில் கம்பு யார் வீட்டிலும் இருக்கும், மாடு மேய்க்கிறவன் கையிலும் இருக்கும். ஷினாய் அங்கே என்னவோ அதேதான் சிலம்பக் கம்பு இங்கே செய்த வேலை என்று சொன்னால் ஆசான்கள் கோபித்துக்கொள்வார்கள். கம்புக்கென்று தனிக் கலை உண்டு, அது வாளின் பதிலி இல்லை என்பார்கள். அது சரிதான். ஆனாலும் வாள்வீச்சு, சுருள்வாள், மடுவு எல்லாம் பெரும்பாலும் திருவிழாவுக்கும் மேடைக்கும் ஒதுங்கிப்போக, அன்றாடப் பயிற்சி கம்பில் நின்றதற்கு ஆயுதத் தடைகளுக்கும் பங்கு உண்டு என்பதை மறுப்பது கஷ்டம்.

இதில் வேடிக்கை, சுதந்திர இந்தியாவின் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமே கம்பைப் பெயர் சொல்லி விட்டுவைத்திருக்கிறது. ஆயுதம் என்றால் என்ன என்று சொல்லும் 2-ம் பிரிவில், லத்தி, சாதாரண ஊன்றுகோல் போன்ற வீட்டு உபயோக, விவசாயப் பொருள்கள் ஆயுதம் ஆகாது என்று இருக்கிறது. பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடியதும், நிஜ ஆயுதமாக மாற்றவே முடியாததும் ஆயுதம் ஆகாது. அருவாளும் விவசாயக் கருவி என்ற கணக்கில் தப்பித்துக்கொள்கிறது. தென்மாவட்டத்துப் பத்திரிகைச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இதைப் பற்றி வேறு அபிப்பிராயம் இருக்கலாம்.

வாளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆயுத விதிகளில் (முன்பு 1962, இப்போது 2016) ஐந்தாம் வகையில் வாள், கட்டாரி, ஈட்டி எல்லாம் வருகின்றன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்பது கணக்கு. மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இவற்றை வைத்திருக்கவே உரிமம் வேண்டும் (4-ம் பிரிவு). வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்குத் தனி விதி (10-ம் பிரிவு). கூர் பிடிக்கவே முடியாத துத்தநாக வாள் இந்த வலையில் விழுமா விழாதா? சட்ட வாசகத்தைப் படித்தால் விழாது என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் கஸ்டம்ஸ் அதிகாரியின் மேஜையிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ அந்த வாதத்தை நடத்தும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. 2018 மே மாதம் மகாராஷ்டிராவின் அவுரங்காபாத்தில் (இன்று சத்ரபதி சம்பாஜிநகர்) இணையத்தில் ஆர்டர் செய்து வரவழைத்த வாள்களைப் போலீஸ் பறிமுதல் செய்தது. பெட்டியில் பொம்மை என்று எழுதியிருப்பதை யாரும் நம்பமாட்டார்கள். ஆர்டர் போடுவதற்கு முன்னால் பயிற்சிப் பள்ளியின் கடிதத்தோடு காவல் நிலையத்திலோ கலெக்டர் அலுவலகத்திலோ கேட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

மற்ற நாடுகளும் இதில் குழம்பத்தான் செய்கின்றன. மலிவான சாமுராய் வாள் நகல்களால் தாக்குதல்கள் நடந்ததால், பிரிட்டன் 2008 ஏப்ரலில் 50 செ.மீ.க்கு மேல் நீளமான வளைந்த வாள்களின் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்தது. விளையாட்டுப் பயிற்சிக்கும், பாரம்பரிய முறையில் கையால் அடித்த வாளுக்கும் விலக்கு கொடுத்தார்கள். தடை செய்ய நினைத்தது மலிவான வாளைத்தான் என்பது அதிலேயே தெரிகிறது.

மலிவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. சுவரில் மாட்டுவதற்கென்று விற்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாள்கள் உண்டு. பார்க்க இயாய்தோவை விடப் பளபளப்பு, விலையும் குறைவு. அவற்றில் பலவற்றில் அலகு பிடிக்குள் முழுதாகப் போகாது. எலிவால் மாதிரி ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்து ஒரு நட்டு முடுக்கியிருப்பார்கள். அலங்காரத்துக்கு அது போதும். ஆனால் அதை எடுத்து வீசினால், பற்றவைத்த இடம் ஒருநாள் விட்டுப்போகும், அலகு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பிடியில் குறுக்கே மூங்கில் ஆணி இருக்கிறதா, அதைத் தட்டிக் கழற்றினால் அலகின் வால் பகுதி அகலமாக, ஒரே உலோகமாக வருகிறதா என்று பார்க்காமல் எந்த வாளையும் வீசக் கூடாது. விற்பவர் கழற்றிக் காட்ட மறுத்தால் வாங்காமல் வந்துவிடலாம். பட்ஜெட் இல்லையென்றால் மரவாள் போதும். சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2004-ல் வாள்வீச்சு விளையாட ஆரம்பித்தபோது மின்வாள் விலை கட்டுப்படியாகாமல் மூங்கில் குச்சியில்தான் பழகினார். 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில், அந்த விளையாட்டில் கலந்துகொண்ட முதல் இந்தியர் அவர்தான். ஷினாய் பிறந்த நாட்டுக்கு மூங்கில் குச்சியில் பழகியவர் போய் இறங்கியிருக்கிறார்.

இனி ஊருக்கே திரும்புவோம். நகல் வாள் செய்ய இந்தியாவில் ஆள் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறார்கள். டேராடூனில் 1943-ல் தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனம் ரோமானிய வாள், ஐரோப்பிய வாள், சினிமா வாள் என்று உலகம் முழுவதற்கும் நகல் செய்து அனுப்புகிறது. ஆக, தொழில்நுட்பம் பிரச்சினை இல்லை, கேட்கிற ஆள் இருந்தால் செய்வார்கள். தமிழ்நாட்டு வாளைக் கேட்க ஆள் வருமா? வரக்கூடும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. போட்டியின் சின்னம் யார் தெரியுமா? விருப்பாட்சியில் அடைக்கலம் இருந்த அதே வேலுநாச்சியார். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் சேர்ந்துவிட்டது. பழகும் பிள்ளைகள் எண்ணிக்கை கூடினால் வாள்வீச்சு பழக நினைப்பவர்களும் கூடுவார்கள்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. லீவர்களை ஒவ்வொன்றாக அரத்தால் தேய்த்து, வேறெந்தச் சாவிக்கும் திறக்காதபடி பூட்டு செய்யும் கைகள் அங்கே இன்னும் இருக்கின்றன, அலிகார் பூட்டின் விலையோடு மல்லுக்கட்டிக்கொண்டு. கூர் இல்லாத ஓர் அலகு, பித்தளையில் ஒரு கைப்பிடி, குறுக்கே கழற்றிப் பார்க்கக்கூடிய ஓர் ஆணி, இவ்வளவுதான் பயிற்சி வாள். துத்தநாகக் கலவையில் வார்த்தால் அதற்குக் கூரும் ஏறாது. மாதிரிக்கு எங்கே போவது என்று கேட்டால், தஞ்சாவூர் ஆயுதசாலையில் உடைபடாமல் தப்பியவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யாராவது அனுமதி வாங்கிக்கொண்டு போய் நீளம், அகலம், எடை, பிடியின் உள்ளளவு என்று நாலு பக்கம் எழுதிவந்தால் வேலை ஆரம்பித்துவிடும்.